அடித்தல் திருத்தல் இல்லை

என் சித்தப்பா வேலூரில் பத்திர எழுத்தர். பதிவு அலுவலகத்துக்கு எதிரே, வேப்பமரத்தடித் தகரக் கொட்டகையில் அவருடைய மேசை நாற்பது வருடமாகக் கிடக்கிறது. இப்போது அதன்மேல் கணினியும் பிரிண்டரும் வந்துவிட்டன. மைத்திண்டும் இரும்பு ஸ்கேலும் மட்டும் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அச்செடுத்த தாளின் சூடு ஆறுவதற்குள் ஸ்கேலை வைத்துவிடுவார். எந்த வரி பாதியில் முடிகிறதோ அதன் மிச்ச இடத்தில் ஒரு கோடு. இரண்டு பத்திகளுக்கு நடுவே வெள்ளை அதிகம் விழுந்திருந்தால் அங்கே குறுக்காக ஒரு கோடு. தொகையை எண்ணால் எழுதிய கையோடு எழுத்தாலும் எழுதி ‘மட்டும்’ என்று முடிப்பார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையொப்பம். மொத்தம் எத்தனை பக்கம், இது எத்தனையாவது என்ற குறிப்பு. கடைசியில், அடித்தல் திருத்தல் உண்டா, உண்டென்றால் எந்தப் பக்கத்தில் எந்த வரியில் என்ற விவரம்.

பள்ளி விடுமுறையில் அவருக்கு நான்தான் எடுபிடி. கோடு போடுவதைப் பார்த்துச் சலித்துப்போய் ஒருநாள் கேட்டேன்: “எல்லோரும் தெரிந்தவர்கள்தானே சித்தப்பா, எதற்கு இவ்வளவு கோடு?”

நிமிராமலே சொன்னார்: “தெரிந்தவன் கையில்தான் கொடுக்கிறேன். அவன் எங்கே வைப்பான், யார் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாதே.”

அந்தத் தொழில் எனக்கு வரவில்லை. கணினி படித்தேன். பெங்களூரில் சில வருடம் குப்பை கொட்டிவிட்டு, இப்போது சத்துவாச்சாரியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து சின்ன நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். அதில் பாதிக்கு மேல் உள்நுழைவு வேலை. ‘வேறொரு கணக்கைக் கொண்டு உள்ளே வருக’ என்று ஒரு பொத்தான் இருக்குமே, அதன் பின்னால் நடக்கிற கூத்துதான் என் பிழைப்பு. வேலூர்க்காரன் பாதுகாப்பைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கோட்டையையும் அகழியையும் இழுப்பான் என்று எதிர்பார்ப்பீர்கள். இழுக்கப்போவதில்லை. நான் சொல்ல வந்தது மதிலைப் பற்றி அல்ல, ஒரு கடிதத்தைப் பற்றி.

அந்தப் பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்கிறது? நீங்கள் நுழைய விரும்பும் செயலி ஒருபக்கம். உங்கள் கணக்கை வைத்திருக்கும் சர்வர் மறுபக்கம். ‘இவர் யார் என்று சொல்லி அனுப்புங்கள், இன்னின்ன விவரம் பார்க்க அனுமதி வேண்டும், பதிலை இந்த முகவரிக்கு அனுப்புங்கள்’ என்று செயலி கேட்கிறது. ஓஆத் 2.0 என்ற நெறிமுறையில் இதற்குப் பெயர் அனுமதிக் கோரிக்கை. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கோரிக்கையைச் செயலி நேராகக் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. உங்கள் உலாவியின் கையில் கொடுத்து அனுப்புகிறது. முகவரிப் பட்டையில் ஒரு கேள்விக்குறிக்குப் பின்னால் நீளமாக ஒரு வால் தொங்குகிறதே, அதுதான் கடிதம். உறை கிடையாது, கையொப்பம் கிடையாது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். யார் வேண்டுமானாலும் அதேபோல் ஒன்றை எழுதி, ‘அந்தச் செயலி அனுப்பியது’ என்று நீட்டலாம்.

‘எச்டிடிபிஎஸ் இருக்கிறதே’ என்பார்கள். உலாவிக்கும் சர்வருக்கும் இடையே உள்ள வழியில் கள்வர் பயம் இல்லை என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. கடிதம் உலாவியின் கைக்கு வருவதற்கு முன்பே அதை எழுதியவன் யார் என்று அதற்குத் தெரியாது. ஒரு வாட்ஸ்அப் செய்தியில் வந்த இணைப்பைத் தட்டினாலும் எச்டிடிபிஎஸ் அதே பக்தியோடு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. வாங்கிக் கட்டிக்கொண்டு கற்றேன்.

சில வருடங்களுக்கு முன் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு காலணி நிறுவனத்துக்கு ஆர்டர் பார்க்கும் தளம் ஒன்றைச் செய்து கொடுத்தேன். எந்த வாங்குபவருக்கு எத்தனை ஜோடி, எந்தத் தோல், எந்த அளவு, மாதிரிப் படம் என்று எல்லாம் அதில் இருக்கும். தோல் தொழிலில் மாதிரிப் படம் வெளியே போவது சும்மா விஷயம் இல்லை. உள்நுழைவுக்கு ஓஆத். பதில் போக வேண்டிய முகவரியை, அதாவது ரீடைரக்ட் யூஆர்ஐ-யை, முன்கூட்டியே சர்வரில் பதிந்து வைக்க வேண்டும். நான் பதிந்தேன். ஆனால் முழு முகவரியை அல்ல. சோதனைத் தளம், மொபைல் பக்கம் என்று முகவரிகள் பெருகிக்கொண்டே போனதால், ‘இப்படித் தொடங்கினால் போதும்’ என்று விட்டுவிட்டேன்.

இது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் என்று நம் ஊர்ப் பெயர்களை வைத்தே சொல்லலாம். ‘வேலூர் என்று முடிகிற ஊருக்கெல்லாம் அனுப்பலாம்’ என்று தபால்காரரிடம் சொன்னால் கடிதம் பரமத்திவேலூருக்குப் போகும்; அது நாமக்கல் மாவட்டத்தில், காவிரிக் கரையில் இருக்கிறது. ‘ஆற்காடு என்று தொடங்கினால் போதும்’ என்றால் சென்னையில் வடபழனி பக்கம் ஆற்காடு சாலையில் போய் நிற்கும். இரண்டுமே விதிப்படி சரி. இரண்டு கடிதமும் நம் கைக்கு வராது.

அந்த நிறுவனம் பாதுகாப்புச் சோதனைக்கு ஓர் இளைஞரை அமர்த்தியது. காட்பாடி ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு டீக்கடையில் என்னைப் பார்க்க வந்தார். மடிக்கணினியைத் திறந்துவைத்துவிட்டு, “அண்ணா, ஒரு இணைப்பு அனுப்பியிருக்கிறேன், உங்கள் கைபேசியில் தட்டுங்கள்” என்றார். தட்டினேன். நான் ஏற்கெனவே உள்நுழைந்திருந்ததால் கடவுச்சொல் எதுவும் கேட்கவில்லை. சொந்த நிறுவனத் தளம் என்பதால் சம்மதமும் கேட்கவில்லை. அப்படி வைத்தவனும் நான்தான். திரை ஒருமுறை கண் சிமிட்டியது, வெற்றுப் பக்கம் வந்தது. அவர் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். மேலே இடது மூலையில் என் பெயர். கீழே ஆர்டர் பட்டியல்.

அந்தத் தளத்திலேயே பழைய பக்கம் ஒன்று இருந்தது. வெளியேறுகிறவர்களை வேறு முகவரிக்கு அனுப்பிவைக்கும் பக்கம். தனக்கு வந்த விவரங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் அடுத்த முகவரிக்குத் தள்ளிவிடும் நல்ல குணம் அதற்கு உண்டு. இளைஞர் அனுமதிக் கோரிக்கையைத் தானே எழுதினார். பதில் முகவரியாக அந்தப் பக்கத்தைப் போட்டார். தொடக்கம் ஒத்துப்போனதால் சர்வர் வாயைத் திறக்கவில்லை. சர்வர் பதிலாகத் தருகிற ஒருமுறைக் குறியீடு அந்தப் பக்கத்துக்குப் போனது, அங்கிருந்து அவருடைய கணினிக்குப் போனது. எங்கள் தளம் உலாவிக்குள்ளேயே ஓடுகிற வகை. இரகசியச் சாவி வைக்க அதற்கு மடி கிடையாது. ஆகவே அந்தக் குறியீட்டைக் கொடுத்து டோக்கனை, அதாவது உள்ளே போகும் சீட்டை, வாங்க அவருக்கு எந்தத் தடையும் இல்லை.

“பிக்ஸி போட்டிருக்கிறேனே” என்றேன். குரல் எனக்கே பரிதாபமாகக் கேட்டது.

பிக்ஸி என்பது ஆர்எஃப்சி 7636, அதாவது இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆவண வரிசையில் அந்த எண்ணுள்ள ஆவணம். 2015 செப்டம்பரில் வந்தது. பெயரைப் பிகேசிஇ என்று எழுதுவார்கள். செயலி முதலில் 43 முதல் 128 எழுத்து வரை நீளமுள்ள ஓர் இரகசியச் சரத்தை உருவாக்கிக்கொள்ளும். அதை ஷா-256 என்ற, திருப்பி எடுக்க முடியாத ஒருவழிக் கணக்கில் அரைத்து, அரைத்த மாவை மட்டும் கோரிக்கையோடு அனுப்பும். பிறகு குறியீட்டைக் கொடுத்து டோக்கன் கேட்கும்போது அசல் சரத்தைக் காட்ட வேண்டும். சர்வர் அதை அரைத்துப் பார்த்து, முன்பு வந்த மாவோடு ஒத்துப்போனால்தான் கொடுக்கும். நடுவழியில் குறியீட்டைத் திருடியவனிடம் அசல் சரம் இருக்காது. அருமையான ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே யாரும் நடுவழியில் திருடவில்லை. கோரிக்கையை எழுதியதே அந்த இளைஞர்தான். சரமும் அவருடையது, மாவும் அவருடையது. எங்கள் பூட்டை அவர் உடைக்கவில்லை. அவருடைய பூட்டை எங்கள் கதவில் மாட்டிவிட்டு, அவருடைய சாவியால் திறந்துகொண்டார்.

அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டார். என் டீ ஆடை கட்டியிருந்தது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. புரண்டு படுத்து யோசித்தபோதுதான், இத்தனை வருடமாக நான் அக்கறைப்பட்டதெல்லாம் பதிலைப் பற்றித்தான் என்பது உறைத்தது. குறியீடு திருடு போகாமல் இருக்கப் பிக்ஸி. வேறொருவன் தன் குறியீட்டை என் உலாவியில் சொருகி, நான் என் மாதிரிப் படங்களை அவன் கணக்கில் ஏற்றிவிடாமல் இருக்க, கோரிக்கையோடு போய்ப் பதிலோடு திரும்பும் ஸ்டேட் என்ற அடையாளம். பழைய அடையாளச் சீட்டை மறுபடி நீட்டாமல் இருக்க நான்ஸ் என்ற ஒருமுறைச் சரம். பதில் எந்தச் சர்வரிலிருந்து வந்தது என்று சரிபார்க்க 2022-இல் ஆர்எஃப்சி 9207. இவை எல்லாம் வேண்டியவைதான். ஆனால் கேள்வி? கேள்வி கொட்டகைக்கு வெளியே கல்லை வைத்து அழுத்திய வெற்றுத்தாளாகக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. அதில் யாரும் ஒரு கோடுகூடப் போடவில்லை.

இதில் எனக்கு ஆறாத இன்னொரு விஷயம் உண்டு. 2007-இல் வந்த ஓஆத்தின் முதல் பதிப்பில் இந்தக் கேள்வி இப்படித் தெருவில் போகவில்லை. செயலி முதலில் சர்வரிடம் நேரடியாகப் போய், கையொப்பமிட்ட கோரிக்கையைக் கொடுத்து, ஒரு கோரிக்கை டோக்கனை வாங்கிக்கொள்ளும். அப்புறம்தான் பயனரை அனுப்பும், அதுவும் அந்த டோக்கனோடு மட்டும். அந்தப் பதிப்பு குறையே இல்லாதது என்று சொல்ல வரவில்லை. 2009 ஏப்ரலில் அதில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. தான் தொடங்கிய கோரிக்கையை இன்னொருவரை அனுமதிக்கவைத்துப் பலனைத் தான் எடுத்துக்கொள்ள முடியும் என்று. உடனே திருத்தினார்கள். பதில் முகவரியை முதல் படியிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது அந்தத் திருத்தத்தில் ஒன்று. ஆனால் அந்தப் பதிப்பில் கையொப்பமிடுவது பெரும் தொல்லை. விவரங்களை அகரவரிசைப்படி அடுக்கி, எழுத்து பிசகாமல் ஒட்டி, பிறகு கையொப்பமிட வேண்டும். ஒரு காலி இடம் தவறினால் போச்சு. பெங்களூரில் ஒரு முழு வாரத்தை அதற்குத் தாரை வார்த்திருக்கிறேன்.

2012 அக்டோபரில் ஆர்எஃப்சி 6749 என்ற எண்ணோடு ஓஆத் 2.0 வந்தபோது நாங்கள் பட்டாசு வெடிக்காத குறை. கையொப்பம் போனது, தொல்லை போனது. கூடவே அந்த முதல் படியும் போனது. அது போனதை அன்றைக்கு நான் கவனிக்கவே இல்லை. கிணற்றைத் தூர்த்துவிட்டு லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற தெருக்களைப் பார்த்து வளர்ந்தவன், இருந்தும் கவனிக்கவில்லை.

மறுபடி தோண்ட ஒன்பது வருடம் ஆனது. 2021-இல் அடுத்தடுத்து இரண்டு ஆவணங்கள் வந்தன. ஆகஸ்டில் ஆர்எஃப்சி 9101. சுருக்கப் பெயர் ஜார். செப்டம்பரில் ஆர்எஃப்சி 9126. சுருக்கப் பெயர் பார். இரண்டின் ஆசிரியர் வரிசையிலும் ஜப்பானைச் சேர்ந்த நாட் சாக்கிமுராவின் பெயர் உண்டு, பிக்ஸியிலும் உண்டு. (பெயர் வைப்பவர்களுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் ‘பார்’ என்ற பெயரைத் தவிர்த்திருப்பார்கள். “பார் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்று ஒரு முதலாளியிடம் சொல்லிவிட்டு, அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்கிறேன்.)

ஜார் என் சித்தப்பாவின் வேலைதான். கோரிக்கையின் எல்லா விவரங்களையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, செயலி தன் சாவியால் கையொப்பமிடும். வேண்டுமென்றால் மறையாக்கமும் செய்து மூடிவிடலாம். உலாவி அதைத் தூக்கிக்கொண்டு போகட்டும், யார் கையில் வேண்டுமானாலும் மாறட்டும். ஓர் எழுத்தைத் திருத்தினாலும் கையொப்பம் பொய்க்கும். பின்னாளில் ‘இந்தச் செயலி இதைத்தான் கேட்டது’ என்று நிரூபிக்கவும் அந்தக் கையொப்பம் சாட்சியாக நிற்கும். வங்கிகளுக்கு அது வேண்டும். ஆனால் சாவிகளைப் பராமரிக்க வேண்டும், காலாகாலத்தில் மாற்ற வேண்டும், பொட்டலம் பெருத்தால் முகவரிப் பட்டையில் அடங்காது. என்னைப் போல் ஒற்றை ஆளாக வேலை பார்ப்பவனுக்கு அது சுமை.

பார் வேறு வழியில் போகிறது. கடிதத்தை உலாவியிடம் கொடுத்தால்தானே வம்பு? செயலியின் சர்வர், பின்வழியாக நேரே அனுமதி சர்வரிடம் போகும். தன் அடையாளத்தை நிரூபிக்கும். முழுக் கோரிக்கையையும் அங்கேயே ஒப்படைக்கும். அனுமதி சர்வர் அதைப் படித்துப் பார்த்து, தவறிருந்தால் அப்போதே திருப்பிவிடும். பயனர் அதுவரை எதையும் பார்க்கக்கூட வேண்டாம். சரியாக இருந்தால் ஒரு குறிப்பு எண்ணைக் கொடுக்கும், எத்தனை விநாடி செல்லும் என்பதையும் சேர்த்து. ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டில் 60 விநாடி. உலாவியின் கையில் போவது செயலியின் பெயரும் இந்த எண்ணும் மட்டும்தான். படித்தாலும் ஒன்றும் புரியாது, திருத்தினால் செல்லாது. பாலாற்றில் மேலே மணலாகக் கிடக்க, தண்ணீர் அடியில் ஓடுகிற மாதிரி.

சித்தப்பாவிடம் இதை விளக்கியபோது அவர் அசரவில்லை. “இதைத்தானே நாங்கள் இப்போது செய்கிறோம்” என்றார். உண்மைதான். முன்பெல்லாம் பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நிற்க வேண்டும். இப்போது எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர், புல எண், நான்கு எல்லை, மதிப்பு எல்லாவற்றையும் அவர் தன் கணக்கிலிருந்து முன்கூட்டியே இணையத்தில் ஏற்றிவிடுகிறார். கட்சிக்காரர் டோக்கனோடு போகிறார். எல்லை விவரத்தை வழியில் யாராவது மாற்றிவிடுவார்களோ என்ற கவலை கட்சிக்காரருக்கும் இல்லை, இவருக்கும் இல்லை. “அப்படியானால் கோடு போடுவதை விட்டுவிடலாமே சித்தப்பா?” என்றேன். “டோக்கன் வழிக்குத்தான் காவல். பத்திரம் அப்புறம் ஐம்பது வருடம் பீரோவில் இருக்குமே, அதற்கு யார் காவல்?” என்றார். ஜாருக்கும் பாருக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் கேட்டதில்லை.

ராணிப்பேட்டைத் தளத்தை மூன்று கட்டமாகச் சரிசெய்தேன். முதல் வேலை, அன்று இரவே செய்தது, பதில் முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்ப்பது. தொடக்கம் ஒத்தால் போதும், முடிவு ஒத்தால் போதும் என்ற பேச்செல்லாம் ஒழிந்தது. 2025 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 9700, ஓஆத்துக்கான பாதுகாப்பு நடைமுறை, இதைக் கட்டாயம் என்றே சொல்கிறது. கணினியில் நேரடியாக நிறுவும் செயலிகள் தம் கணினிக்கே பதிலை வாங்கும்போது, போர்ட் எண்ணுக்கு மட்டும் விலக்கு. இந்த ஒன்றை நான் முதலிலேயே செய்திருந்தால் டீக்கடைக் காட்சியே நடந்திருக்காது. கூரை ஓட்டையை அடைக்காமல் வாசலுக்குப் புதுப் பூட்டு தேடுகிறவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

இரண்டாவது, உலாவிக்குள் ஓடிய உள்நுழைவைப் பின்னால் ஒரு சர்வருக்கு மாற்றியது. பாரில் செயலி தன்னை நிரூபிக்க வேண்டுமென்றால் சாவி வைக்க ஓரிடம் வேண்டும். சாவி இல்லாத செயலியும் பாரைப் பயன்படுத்தலாம் என்று ஆவணம் அனுமதிக்கிறது. ஆனால் அப்போது அந்த இளைஞரும் அதே வாசலில் போய் எங்கள் பெயரைச் சொல்லிக் கோரிக்கையைக் கொடுக்கலாம். பாதிப் பலன்தான்.

மூன்றாவது பார். இங்கே பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. பின்வழியைத் திறந்தால் போதாது, முன்வழியைச் சாத்த வேண்டும். இந்தச் செயலியிடமிருந்து பார் வழியாக வராத எந்தக் கோரிக்கையையும் ஏற்காதே என்று சர்வருக்குச் சொல்ல ஓர் அமைப்பு இருக்கிறது. அதை ‘உண்மை’ (true) என்று மாற்றாவிட்டால் பழைய வால் நீண்ட முகவரியும் வேலை செய்துகொண்டே இருக்கும். 2025 பிப்ரவரியில் இறுதியான ஃபாப்பி 2.0 என்ற நிதித் துறை விதித்தொகுப்பு, பாரையும் பிக்ஸியையும் சேர்த்தே கட்டாயமாக்கியிருப்பதும் கவனிக்கத்தக்கது. பார் வந்துவிட்டால் பிக்ஸியும் ஸ்டேட்டும் வேண்டாம் என்று நினைக்கக்கூடாது. ஒருவன் முறையாகத் தொடங்கி வாங்கிய குறிப்பு எண்ணை இன்னொருவர் உலாவியில் சொருகிப் பார்க்க முடியும். அப்போது கைகொடுப்பவை அவைதான்.

அமைப்பை மாற்றியது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. திங்கட்கிழமை ஒன்பதரைக்கு அந்த நிறுவனத்தின் கணக்கர் அம்மாவிடமிருந்து அழைப்பு.

“தம்பி, உள்ளே போகவே முடியவில்லை. கோரிக்கை காலாவதி என்று வருகிறது.”

எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டேன். இரண்டு வருடம் முன்பு உள்நுழைவுப் பக்கத்தையே, அந்த நீண்ட வாலோடு, உலாவியில் சேமித்து வைத்திருந்தார். தினமும் அதைத்தான் தட்டிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை அது செத்துவிட்டது. சனிக்கிழமை பக்கத்து மேசைப் பையன் முகப்பிலிருந்து நுழைந்து காட்டியிருக்கிறான். அம்மா சமர்த்தாக, வழியில் வந்த புதிய உள்நுழைவுப் பக்கத்தையும் சேமித்து வைத்துக்கொண்டார். அதைத்தான் இப்போது தட்டுகிறார்.

“அம்மா, அந்த எண் 60 விநாடிதான் செல்லும். அதுவும் ஒரே ஒருமுறை. முகப்புப் பக்கத்திலிருந்து போங்கள்.”

மறுமுனையில் சற்று அமைதி.

“ராணிப்பேட்டையிலிருந்து வேலூருக்கு வருகிற பஸ்ஸில்கூட, டிக்கெட் இறங்குகிற வரைக்கும் செல்லும் தம்பி.”

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அன்று மதியமே அந்த ‘கோரிக்கை காலாவதி’ பக்கத்தை எடுத்துவிட்டு, ‘மறுபடி தொடங்க இங்கே தட்டவும்’ என்று தமிழில் ஒரு பெரிய பொத்தான் வைத்தேன். அது அவரை முகப்புக்குக் கொண்டுபோய்விடும். அந்தப் பொத்தான் இருக்கும் பக்கத்தை அவர் இப்போது சேமித்து வைத்திருக்கிறார். தினமும் காலையில் அதைத் தட்டித்தான் உள்ளே வருகிறார்.